கூலி கொடுத்து வேலை செய்யும் சித்தாள்

ஜூன் பிறந்துவிட்டால் அட்லாண்டா, டாலஸ், ஹியூஸ்டன் விமான நிலையங்களில் இந்த அமெரிக்கச் சபைக்காரரைப் பார்க்கலாம். தனியாக வரமாட்டார். கூட்டமாக, எல்லோரும் ஒரே நிறத்து டி-ஷர்ட்டில், முதுகில் ‘ஏசாயா 6:8’ என்ற பைபிள் வசன எண்ணின் அச்சோடு வருவார்கள். போகும் இடம் குவாத்தமாலா. போகும் காரியம், மலைக்கிராமத்துத் தேவாலயம் ஒன்றுக்குப் பெயிண்ட் அடிப்பது. எட்டாம் நாள் வீடு திரும்பிவிடுவார்.

ஊரில் இவர் இன்சூரன்ஸ் கம்பெனி மேலாளர். வீட்டில் குழாய் சொட்டினால் பிளம்பருக்குப் போன் போடுகிறவர். குளியலறைக் கதவு கிறீச்சிடுவதைச் சொல்லிச் சொல்லி மனைவி ஓய்ந்துவிட்டார். ஆனால் தூரம் கூடக் கூட இவருக்குக் கைத்தொழிலும் கூடும். விமானம் கிளம்பும்போது பெயிண்டர், கடலைத் தாண்டும்போது கொத்தனார், குவாத்தமாலா சிட்டியில் இறங்கும்போது எலெக்ட்ரீஷியனும் ஆகியிருப்பார்.

பயணச் செலவுக்கு இவர் கைக்காசைத் தொடுவதில்லை. மார்ச் மாதமே அத்தை, மாமா, பழைய கல்லூரித் தோழர், பல் டாக்டர் எல்லோருக்கும் கடிதம் போய்விடும். ஜெபத்தில் தாங்குங்கள் என்று முதல் பத்தி, பணத்தில் தாங்குங்கள் என்று இரண்டாம் பத்தி. சபை வளாகத்தில் கார் கழுவி ஒரு தொகை, ஞாயிறு காலை பான்கேக் சுட்டு விற்று ஒரு தொகை. உலகத்தில் சித்தாள் வேலைக்குக் கூலி வாங்குவார்கள். ஊரெல்லாம் வசூல் செய்து, கூலியைத் தானே கட்டிவிட்டுச் சித்தாள் வேலைக்குப் போகிறவர் இவர் ஒருவர்தான்.

ஒருவர் என்று சொல்லிவிட்டேன். 2005இல் மட்டும் இப்படி அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போய்வந்த சபையார் சுமார் 16 லட்சம் பேர் என்று சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ கணக்கிட்டார்.

குவாத்தமாலாவுக்குப் போவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1976 பிப்ரவரி 4 விடியுமுன் வந்த நிலநடுக்கத்தில் அங்கே சுமார் 23,000 பேர் இறந்தார்கள். வட அமெரிக்கச் சபைகள் போர்வையும் கூரைத் தகடுமாக ஓடி வந்தன. அன்று அந்தக் கைகள் தேவைப்பட்டன, மறுப்பதற்கில்லை. தேவை குறைந்த பிறகும் கைகள் வருவது நிற்கவில்லை.

திங்கள் காலை வேலை தொடக்கம். உள்ளூர் மேஸ்திரி ஏழு மணிக்கே வந்து காத்திருப்பார். நம்மவர் ஜெபம், காலை உணவு, சன் ஸ்கிரீன், குரூப் போட்டோ எல்லாம் முடித்து ஒன்பதரைக்கு வருவார். பெயிண்டுக்கு முன்னால் ஒரு சுவர் கட்டும் வேலை. முதலில் கலவை. மணலையும் சிமெண்டையும் தரையில் கொட்டிக் கிளறி, நடுவே குழி பறித்துத் தண்ணீர் ஊற்றி, ஓரத்தைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ள வேண்டும். நம்மூரிலும் அப்படித்தான். கல்யாண வீட்டில் சமையல்காரரிடம் கரண்டியைப் பிடுங்கிக் கிளறும் பெரியப்பாவைப் போல இவர் மண்வெட்டியை வாங்குவார். இரண்டாம் வெட்டிலேயே கரை உடையும். சிமெண்ட் தண்ணீர் ஓடிவந்து, இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய ஷூவை நனைக்கும். பக்கத்தில் நிற்கும் பையன் ஒன்றும் சொல்லாமல் ஒரே தள்ளில் கரையை அடைப்பான். அதற்குள் இவர் போட்டோவுக்கு நிமிர்ந்திருப்பார்.

அடுத்து, கலவையைச் சுமப்பது. தள்ளுவண்டி இருந்தால் மூன்று நடையில் முடியும். ஆனால் வந்திருக்கும் அத்தனை பேருக்கும் வேலை வேண்டுமே? ஆகவே உள்ளூர்ப் போதகர் முன்யோசனையாகத் தள்ளுவண்டியைப் பின்கட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்திருப்பார். எல்லோரும் வரிசையாக நின்று வாளி கை மாற்றுவார்கள். பாட்டும் உண்டு.

மதியத்துக்கு மேல் நாலு வரி கல் அடுக்கிவிட்டு, மொழிபெயர்க்க வந்த கல்லூரிப் பெண்ணைக் கூப்பிடுவார்.

“சுவர் நேரா வருதான்னு மேஸ்திரிகிட்டக் கேளும்மா.”

மேஸ்திரி தூக்குக்குண்டை விட்டுப் பார்ப்பார். கொஞ்ச நேரம் பார்ப்பார். “ரொம்ப நல்லா வந்திருக்கு, பிரதர். ராத்திரி நாங்க பார்த்துக்கிறோம்.”

அந்தப் பெண் முதல் வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்ப்பாள்.

இதை நான் கற்பனையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பள்ளி நாட்களில் தான்சானியாவுக்குப் போய் அநாதை இல்லத்தில் நூலகம் கட்டிய பிப்பா பிடில் என்ற அமெரிக்கப் பெண், 2014இல் எழுதினார்: பகலில் மாணவிகள் கட்டியதை இரவில் உள்ளூர் ஆட்கள் பிரித்து, சரியாகக் கட்டி வைத்தார்கள், காலையில் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும்.

பெயிண்டுக்கு வருவோம். இவருடைய கலை அதில்தான். தேவாலயத்தின் பழைய சுவர் வெயிலில் காய்ந்த மண்கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு. அந்தச் சுவர் ஓதத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதற்குச் சுண்ணாம்புதான் ஒத்துவரும். நம்மவர் வாங்குவதோ பளபளக்கும் பிளாஸ்டிக் எமல்ஷன். ஜன்னல் ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி, ரோலர் பிடித்து, இரண்டு கோட் அடித்துவிடுவார். உள்ளே புகுந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் பெயிண்டைத் தள்ளும். அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூன், ஜூலையில்; குவாத்தமாலாவில் மழை மே முதல் அக்டோபர் வரை. பெயிண்ட் அடிக்கக்கூடாத மாதம் பார்த்துத்தான் வருகிறார். வருஷம் திரும்புவதற்குள் சுவர் கொப்புளம் கண்டு உரிந்துவிடும். அடுத்த ஜூனில் அடுத்த சபைக்கு வேலை தயார். முதல் நாள் சுரண்டல், மறுநாள் பட்டி, பிறகு பெயிண்ட். இவ்வளவு நம்பகமாக வேலை கொடுக்கும் தொழிற்சாலை அந்தத் தாலுகாவிலேயே கிடையாது. மெக்சிகோவில் அந்தப் பொறுமையும் இருக்கவில்லை: ஒரே கோடையில் ஒரு தேவாலயத்துக்கு ஆறு குழுக்கள் ஆறு முறை பெயிண்ட் அடித்த கதையை 2008இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது.

போதகர் ஏன் வாய் திறப்பதில்லை? சொன்னால் இவர் முகம் வாடும். முகம் வாடினால் வருகிற டிசம்பரில் கூரைத் தகட்டுக்கு வரவேண்டிய பணம் வாடும். அவரும் சபையை நடத்த வேண்டும்.

சனிக்கிழமை ஆன்டிகுவா. அது பழைய தலைநகர். 1773 நிலநடுக்கத்தில் இடிந்த தேவாலயங்களும் மடங்களும் இன்றும் அங்கே கூரையில்லாமல் நிற்கின்றன. சிலவற்றைப் பார்க்க டிக்கெட் உண்டு. இவர் காபிப் பொட்டலமும் கைத்தறித் துணியும் வாங்கிக்கொண்டு, இடிந்த தூண் அருகே நின்று படம் எடுத்துக்கொள்வார். அங்கே மட்டும் ரோலரைத் தேடமாட்டார்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் வேளை. திரையில் படங்கள் ஓடும். “ஒன்றுமே இல்லாமல் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்!” என்பார், கண் கலங்கும். கலங்குவது நிஜம், நடிப்பில்லை. மாலையில் குழந்தைகளோடு பந்து விளையாடி ஐந்து கோல் வாங்கியதும் நிஜம், அவர்கள் இவருக்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டதும் நிஜம். ஆனால் திரையில் ஓடும் ஒரு படத்தில் ஊரே வாய்விட்டுச் சிரிப்பது இவர் ஏணியிலிருந்து பெயிண்ட் வாளிக்குள் கால் வைத்த நேரத்தில். அதை இவர் சொல்லமாட்டார்.

ஹோண்டுராஸில் குடியிருக்கும் பேராசிரியர் கர்ட் வெர் பீக், 1998இன் மிட்ச் புயலுக்குப் பின் இப்படி வந்தவர்கள் கட்டிய வீடுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார். விமானக் கட்டணமும் சேர்த்து வீடு ஒன்றுக்கு 30,000 டாலர் ஆனது. உள்ளூர் அமைப்புகள் அதே வீட்டை 2,000 டாலரில் கட்டின. போய்வந்ததால் தாங்கள் கொடுக்கும் காணிக்கை கூடியதாகப் பலர் சொன்னார்கள். கணக்கைப் பார்த்தபோது சொல்லும்படியான மாற்றம் இல்லை.

இந்த மார்ச்சில் உங்களுக்கும் இவரிடமிருந்து கடிதம் வரலாம். கொடுங்கள், கொடுக்காவிட்டாலும் இவர் போகத்தான் போகிறார். காசோலையின் ஓரத்தில் மட்டும் ‘மேஸ்திரி கூலிக்கும் சுண்ணாம்புக்கும்’ என்று எழுதிவிடுங்கள்.