படுவான்கரை நெல்லும் டில்லிப் பேச்சும்

கேள்வி: "இந்திய விஸ்தரிப்புவாதம்" என்று வகுப்பு எடுத்த கட்சி, ஆட்சிக்கு வந்ததும் டில்லியோடு வர்த்தகம் பேசுகிறதே?
– வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: எதிர்க்கட்சி ஆசனத்தில் இருந்தால் பாக்கு நீரிணை சமுத்திரம், திறைசேரிச் சாவி கைக்கு வந்தால் வெறும் வாய்க்கால். இந்தியாவுடனான பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கையான எட்கா வேண்டாம் என்று முழங்கிய ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க, 2024 டிசம்பரில் டில்லி போய் அதே எட்கா பற்றிய பேச்சைத் தொடர இணங்கினார். கெட்டிக்காரத்தனம்தான். பேசிக்கொண்டே இருந்தால் மோடிக்கும் கோபமில்லை, பழைய தோழர்களுக்கும் கோபமில்லை.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 1952இல் அமெரிக்காவின் செல்லப்பிள்ளையான ஐ.தே.க., அரிசிக்காகக் கம்யூனிஸ்ட் சீனாவுக்கு இறப்பர் விற்கவில்லையா? வொஷிங்டன் முகத்தைச் சுளித்து உதவியை நிறுத்தியது. பசிக்கு இடது வலது தெரியாது. (எரிபொருள் வரிசையில் நின்ற நமக்கும் தெரியவில்லை.)

சிக்கல் நம் மட்டக்களப்பு வாவிக்கரையில். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அறுவடை நேரம் வெளிநாட்டு அரிசி இறங்கினால் நெல் விலை படுத்துவிடும். கிழக்கே எழுவான்கரைக்கு வந்தால், காத்தான்குடிக் கடையில் இந்தியச் சேலை மலிவாகக் கிடைக்க வேண்டும். காலையில் நெல்லை விற்றுவிட்டு மாலையில் சேலை வாங்க வருபவர் ஒரே ஆள்தான். அவர் எந்தப் பக்கம் கொடி பிடிப்பார்?

அரசு அவரைக் கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம். 2024 பொதுத் தேர்தலில் 22 தேர்தல் மாவட்டங்களில் ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்தி வெல்லாதது மட்டக்களப்பில் மட்டும்தான்!