வளையும் முதுகெலும்புக்கு ஒரு காப்புரிமை

2019 ஏப்ரலில் சாம்சங் நிறுவனம் தன் முதல் மடக்கு போனை, விற்பனைக்கு விடும் முன்பு, பத்திரிகையாளர்கள் சிலரிடம் கொடுத்துப் பார்த்தது. திரையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருந்தது. புதுப் போனில் ஒட்டி வரும் ஸ்டிக்கர் என்று நினைத்து, ஒன்றிரண்டு பேர் நகத்தால் நெம்பி உரித்துவிட்டார்கள். திரை செத்துப்போனது. அந்தப் படலம்தான் திரைக்கே காப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது. 1,980 டாலர் போன். ஏப்ரல் 26 என்று அறிவித்த விற்பனை செப்டம்பருக்குத் தள்ளிப்போனது.

கொரியாக்காரனுக்கு வெட்கம் இருந்தது, தள்ளிவைத்தான். நம் நாட்டுக் காப்புரிமை சாம்ராஜ்யத்தை யாராவது நகத்தால் நெம்பிப் பார்த்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. உரிந்த தோலையும் எண்ணிக்கையில் சேர்த்து, இந்த ஆண்டு ஒன்று கூடுதல் என்று அறிக்கை விடுவார்கள்.

சென்னை காப்புரிமை அலுவலகம் கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. அதே சாலையில் தெற்கே போனால் தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு. சாலையை ஒட்டியும் உள்ளே தள்ளியும் பொறியியல் கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். பிளெக்ஸ் பலகையில் முன்பெல்லாம் வேலை கிடைத்த பிள்ளைகளின் முகம் மட்டும் இருக்கும். இப்போது கூடவே ஒரு வரி: இத்தனை காப்புரிமைகள். சரவணபவன் மெனு மாதிரி நீளமான பட்டியல். 2022-23-ல் விண்ணப்ப எண்ணிக்கையில் நாட்டிலேயே தமிழ்நாடுதான் முதலிடம். அத்தனை எடிசன்கள் நம்மோடு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள், நாம்தான் கவனிக்கவில்லை.

இந்த எடிசன்கள் பிறக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 2021-ல் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆய்வகத்தில் உயிரைக் கொடுத்து உழைக்கும் மாணவனுக்காக விண்ணப்பிக்கிற சின்னக் கல்லூரிக்கு 8,000 ரூபாய் பெரிய தொகை, 1,600 கட்டுப்படியாகும். ஆனால் சலுகை என்று பலகை வைத்தால் பந்தியில் முதலில் உட்காருபவர் யார் என்று நமக்குத் தெரியாதா? விண்ணப்பத்துக்கு 1,600. சீக்கிரம் பிரசுரிக்கச் சொல்லிப் படிவம் 9, அதற்கு 2,500. ஆக 4,100 ரூபாய் கட்டினால் ஒரு மாதத்தில் காப்புரிமை இதழில் பேர் வந்துவிடும். இதுவரை ஒரு தேர்வாளரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். படித்துப் பாருங்கள் என்று கேட்டு, தனியாக 4,000 கட்டினால்தான் தேர்வு. எதற்குக் கட்ட வேண்டும்? கல்லூரிகளுக்கு மத்திய அரசு போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பிரசுரமானதற்கே மதிப்பெண் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் ஆசிரியருக்குத் தேசியக் காப்புரிமை என்றால் 7 புள்ளி, சர்வதேசம் என்றால் 10. பரீட்சை எழுதுவதற்கு ஹால் டிக்கெட் வாங்கியவனுக்கே பட்டம் கொடுக்கும் ஏற்பாடு இது.

வாட்ஸ்அப் குழுக்களில் இடம் விற்கிறார்கள். முதல் கண்டுபிடிப்பாளர் இடத்துக்கு ஒரு விலை, கடைசி இடத்துக்கு ஒரு விலை. "சார், டைட்டில் மட்டும் குடுங்க, மிச்சத்த ஏஜென்ட் பாத்துப்பாரு" என்பார் துறைத் தலைவர். "எந்த டைட்டில் சார்?" என்று கேட்கும் துணைப் பேராசிரியர் இன்னும் ஊருக்குப் புதுசு.

நானும் ஒன்று தாக்கல் செய்யலாமென்று இருக்கிறேன். தலைப்பு: வளையும் முதுகெலும்புக்கான பல அடுக்குக் காப்புப் பூச்சும் அதைத் தயாரிக்கும் முறையும். கோரிக்கை ஒன்று: அடிப்படலமாக ஒரு துணைப் பேராசிரியர், அவர் நகராதபடி பிடித்துக்கொள்ளும் பசையாக, அலுவலக பீரோவில் பூட்டிவைத்த அவருடைய அசல் சான்றிதழ்கள், அதன் மேல் கடினப் பூச்சாகத் துறைத் தலைவர், எல்லாவற்றுக்கும் மேலே, எதிலும் கைரேகை படியாத பூச்சாகத் தாளாளர். கோரிக்கை இரண்டு: கோரிக்கை ஒன்றில் சொன்ன பூச்சு, ஆய்வுக் குழு வருகிற அன்று மட்டும் பளபளப்பது. கோரிக்கை மூன்று: அந்த அடிப்படலம் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் ஒட்டப்படுவது. இந்த மூன்றாவதில்தான் உண்மையான புதுமை. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்ததே, ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருந்ததாகக் கணக்கு! குவாண்டம் இயற்பியல்காரர்கள் எலக்ட்ரானை வைத்துக்கொண்டு திணறுவதை இங்கே எம்.இ. படித்தவரை வைத்துச் சாதித்துவிட்டார்கள்.

நேர்மையான தேர்வாளர் கையில் போனால் என் விண்ணப்பம் தேறாது. தெரிந்த பொருள்களை எடுத்து வேறு வரிசையில் அடுக்கினால் அது கண்டுபிடிப்பு ஆகாது, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத்தான் செய்கிறது என்று பிரிவு 3(எஃப்) சொல்கிறது. மடங்கும் திரையின் பூச்சுக்கு வருகிற நிஜமான விண்ணப்பங்களிலும் இந்தக் கேள்விதான் கழுத்தைப் பிடிக்கும். மேலே விரல் ரேகை படியாத பூச்சு, அடுத்துக் கடினப் பூச்சு, அதன் கீழே நிறமற்ற பாலிஇமைடு படலமோ 30 மைக்ரான் கண்ணாடியோ, பிறகு ஒளி ஊடுருவும் பசை. தனித்தனியாக எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. சேர்த்து அடுக்கும்போது எதிர்பாராத பலன் ஏதும் வந்ததா?

வந்ததா என்று பார்ப்பது லேசான காரியமில்லை. பென்சிலை 45 பாகை சாய்த்து, 750 கிராம் பாரம் ஏற்றி, பூச்சின் மேல் இழுக்கிறார்கள். கோடு விழுந்தால் அந்தப் பூச்சு அந்தப் பென்சிலுக்குத் தோற்றது. சரி, பூச்சைக் கடினமாக்கலாம் என்றால் மடிக்கிற இடத்தில் விரிசல் விடும். மென்மையாக்கினால் நகம் பட்டாலே தழும்பு. இந்த இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடித்து, ஒரு நாளைக்கு நூறு முறை வீதம் ஐந்து வருடத்துக்குத் தாங்குமா என்று பார்க்க, இயந்திரத்தில் வைத்து இரண்டு லட்சம் முறை மடித்து மடித்துத் திறக்கிறார்கள். இதில் ஒரு மைக்ரானுக்காக ராத்தூக்கம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காப்புரிமை கொடுப்பதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் இல்லை. அதே சமயம், தடிமன் 10 முதல் 100 மைக்ரான், விரும்பத்தக்கது 20 முதல் 80 என்று ஊரையே வளைத்து வேலி போடுகிற கோரிக்கைகளும் அந்தக் கட்டிலேயே வரும். கொரிய, ஜப்பானிய, சீனப் பழைய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து இரண்டையும் பிரிப்பதற்குத்தான் தேர்வாளர் என்று ஒருவருக்குச் சம்பளம்.

அவருக்கு நேரம் இருக்கிறதா? பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவே 2022-ல் எழுதிய கணக்கு: காப்புரிமை அலுவலகத்தில் இந்தியாவில் 860 பேர், அமெரிக்காவில் 8,132 பேர், சீனாவில் 13,704 பேர். இங்கே ஒரு விண்ணப்பம் முடிய சராசரி 58 மாதம். இது அநியாயம், ஆள் போட்டுச் சரிசெய்திருக்க வேண்டும். நடந்தது என்ன? 2014-15-ல் வழங்கியவை 5,978. 2022-23-ல் 34,134. 2023 மார்ச் நடுவிலிருந்து ஓராண்டில் ஒரு லட்சத்துக்கும் மேல்! வருடத்துக்கு 250 வேலை நாள் என்று வைத்தால் நாளுக்கு நானூறு. டோல்கேட்டில் ஃபாஸ்டேக் வண்டி போகிற வேகம். அமைச்சகம் மார்தட்டியது. ஆவணக் காப்பகம் முழுவதையும் தேடிப் பார்த்துத்தான் முத்திரை குத்தினீர்களா என்று கேட்க, எந்தச் சேனலுக்கும் அன்று நேரம் இல்லை.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியை அறுபது வருடத்துக்கும் முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார், 1959-ல் மத்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் அந்நியர் கையில் இருக்கிறது, அதிலும் 90 சதவீதத்துக்கு மேல் இந்த மண்ணில் பயன்பாட்டுக்கே வரவில்லை என்று எழுதினார். வேலி போட்டாயே, உள்ளே உழுதாயா என்பதே அவருடைய கேள்வி. 1970-ம் வருடச் சட்டம் அந்த அறிக்கையின் மேல் எழுந்தது. காப்புரிமைக்காரர் ஆண்டுதோறும் படிவம் 27-ல் பயன்பாட்டுக் கணக்குச் சொல்ல வேண்டும் என்றானது. வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய் விற்றபோது, 2012 மார்ச் 9 அன்று ஹைதராபாத் நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் கொடுத்து 8,880 ரூபாய்க்கு இறக்கிய உத்தரவில், அந்தப் படிவத்தில் பேயரே எழுதிய எண்கள் சாட்சி சொல்லின.

அப்படிப்பட்ட படிவத்தை 2020-ல் இளைக்க வைத்தார்கள். 2024 மார்ச்சில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும் என்றார்கள். தொழில் செய்ய எளிமையாம். ரேஷன் கார்டுக்காரர் உயிரோடிருப்பதை விரல் வைத்து நிரூபிக்க வேண்டும். காப்புரிமை உயிரோடிருக்கிறதா என்று கேட்டால் மட்டும் தொழிலுக்கு இடைஞ்சல்!

உழாத வேலி என்றதும் செங்கல்பட்டுக்காரர்களுக்குத் திருமணி ஞாபகம் வரும். நூறு ஏக்கரில், சுமார் அறுநூறு கோடி ரூபாய்த் திட்டமாக 2012-ல் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் தடுப்பூசி வளாகம். 2020 அக்டோபர் 2 அன்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் போய், கொரோனா காலத்தில் காப்புரிமைகளை நிறுத்திவையுங்கள், ஏழை நாடுகள் மருந்து செய்துகொள்ளட்டும் என்று கேட்டன. நியாயமான கோரிக்கை. கேட்டவர் வீட்டுக் கொல்லையில் தடுப்பூசித் தொழிற்சாலை பூட்டிக் கிடந்தது. 2021 மே மாதம் முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்தார், மாநிலத்திடம் விடுங்கள் நடத்துகிறோம் என்றார். பிணங்கள் வரிசையில் காத்திருந்த அந்த வாரங்களில், அங்கிருந்து ஒரு டோஸ் கொரோனா தடுப்பூசி வெளியே வரவில்லை. அதற்கு எந்த வெள்ளைக்காரன் காப்புரிமையும் குறுக்கே நிற்கவில்லை.

அறிவுசார் சொத்துச் சட்டம் குறுக்கே வந்து நின்ற இடம் வேறு. பக்கத்து மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில், ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டி.வி.யும் செய்கிற சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள். சங்கத்தின் பெயரில் சாம்சங் என்று இருக்கக் கூடாது, அது எங்கள் வணிகச் சின்னம் என்றது நிறுவனம். தொழிலாளர் துறை பேனாவை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம். போலீசார் பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள். சங்கம் பதிவானது 2025 ஜனவரி 27-ல்தான். சீருடையில் நெஞ்சுக்கு மேல் அந்தப் பெயரைச் சுமக்கலாம். எட்டு மணி நேரம் அந்தப் பெயருக்காக நிற்கலாம். சங்கப் பலகையில் எழுதினால் மட்டும் சொத்துத் திருட்டு. நாளுக்கு நானூறு காப்புரிமை கொடுத்த தேசத்தில் ஆயிரம் பேருக்கு ஒரு பெயர் கொடுக்க மாதக்கணக்கில் ஆயிற்று.

கிழக்கே கடற்கரைக்குப் போனால் மாமல்லபுரம். கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிற அதே கட்டடத்தில்தான் புவிசார் குறியீட்டுப் பதிவகமும் இருக்கிறது. 2017-ல் அது மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குக் குறியீடு கொடுத்தது. பெருமைதான். கிரைண்டரைக் கருங்கல்லில் வைத்து இழுக்கும் சிற்பியின் அருகே பத்து நிமிடம் நின்று பாருங்கள். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் அவருடைய காப்பு அடுக்கு. கண் இமைமயிர் வரை சாம்பல் பூத்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ், மருந்து கிடையாது. மடக்கு போனின் கண்ணாடியில் கீறல் விழாதிருக்க உலகம் நாலு அடுக்குப் போடுகிறது, பல்லவன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவருக்கு மாஸ்க் வாங்கித் தரக்கூட ஒரு துறை இல்லை. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் வந்தபோது ஐந்து ரதம் வரை கழுவித் துடைத்து விளக்குப் போட்டார்கள். பட்டறைத் தெருவில் தூசி உறிஞ்சும் கருவி ஒன்று பொருத்தியிருந்தால் அதையும் புகைப்படம் எடுத்திருக்கலாம்.

கடைசியாக, ஜி.எஸ்.டி. சாலையில் வேலை பார்க்கிற ஆசிரியர்களுக்கும், அங்கே பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்களுக்கும் ஒன்று. காப்புரிமை இதழ் வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் வருகிறது, படிக்கக் காசு வேண்டாம். காப்புரிமைச் சட்டம் பிரிவு 25(1)-ன்படி, வழங்குவதற்கு முன்பு எந்த விண்ணப்பத்தையும் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். வக்கீலாகவோ விஞ்ஞானியாகவோ இருக்கத் தேவையில்லை. படிவம் 7ஏ. 2024 மார்ச் வரை அதற்குக் கட்டணம் கிடையாது, இப்போது உண்டு. பொய்யைத் தாக்கல் செய்யச் சலுகை, பொய் என்று சொல்ல வசூல். அந்தப் பணத்தை நாலு பேர் சேர்ந்து கட்டியாவது, உங்கள் கல்லூரிப் பெயரில் வருகிற அடுத்த விண்ணப்பத்தை எடுத்துப் படித்து, எதிர்ப்பு மனு போடுங்கள்.