காத்து மாஸ்டர்

யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் ஒரு காத்து மாஸ்டர் இருப்பார். எங்கள் ஒழுங்கையில் இருப்பவர் விஞ்ஞானம் படிப்பித்து இளைப்பாறியவர். அடுத்த ஒழுங்கைக்காரர் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். கோயிலடியில் இருப்பவர் தபாற்கந்தோர். உத்தியோகம் எதுவானாலும் அடையாளம் ஒன்றுதான்: விடிய ஆறு மணிக்குச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார்.

அந்த ஆறு மணியில் நியாயம் இருக்கிறது. ஓடின ரயர் சூடேறும். உள்ளே இருக்கிற காற்றின் அமுக்கமும் ஏறும். சந்தைக்குப் போய்வந்த சூட்டோடு அளந்தால் கேஜ் நாலைந்து பிஎஸ்ஐ கூட்டித்தான் காட்டும். ஆகவே இரவு முழுக்கக் கராச்சுக்குள் கிடந்து ஆறின ரயரில்தான் பார்க்க வேண்டும். பெற்றோல் செற்றில் அடிக்கலாமே என்று கேட்டுப் பாருங்கள். "அங்கை போய்ச் சேரேக்கை ரயர் சூடு. அவன்ரை கேஜை எத்தினை பேர் நிலத்திலை போட்டிருப்பினம் எண்டு ஆருக்குத் தெரியும்? கடையிலை நைதரசன் அடிக்கட்டோ எண்டு கேக்கிறான். காத்திலை நூற்றுக்கு 78 பங்கு நைதரசன்தானே தம்பி! மிச்சம் இருபத்திரண்டுக்கோ நான் காசு குடுக்கிறது?"

மறுப்பதற்கு இடமில்லை. மாஸ்டரிடம் உள்ள பெரிய தொல்லையே இதுதான்; சொல்வது எல்லாம் சரியாக இருக்கும்.

அவருடைய சிக்கனத்துக்கு ஒரு கொப்பி சாட்சி. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, பிறகு கியூஆர் கோட் காட்டினால் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து ஊற்றின நாட்களில் தொடங்கிய கொப்பி அது. ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எண்ணெய்ச் செலவு நூற்றுக்கு 0.2 அளவில் கூடும் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கு. நாலு சில்லிலும் இரண்டிரண்டு குறைந்தால் இருபது லீற்றரில் வீணாவது எண்பது மில்லிலீற்றர். அந்த 470 ரூபாக் கணக்கில் 37 ரூபா 60 சதம். அந்த அறுபது சதத்துக்குக் கீழே சிவப்பு மையால் இரட்டைக் கோடு இழுத்திருக்கிறார். கார் அந்தக் கிழமை முழுக்கப் படலையைத் தாண்டவில்லை என்பதை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

கேஜ்கள் மூன்று. பரிசில் இருக்கிற மகன் அனுப்பியது 'பார்' கணக்கில் காட்டும். லண்டன் மகள் அனுப்பியதில் பிஎஸ்ஐ. கதவைத் திறந்தால் தெரிகிற ஜப்பான் ஸ்ரிக்கரிலோ கிலோபஸ்கல். 220 கிலோபஸ்கல் என்றால் 2.2 பார், ஏறக்குறைய 32 பிஎஸ்ஐ. பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை இந்த வீட்டில் கேஜைப் பார்த்தே சொல்லிவிடலாம். மூன்றாவது கேஜ் மாஸ்டர் தானே வாங்கிய பென்சில் மாதிரியானது. மூன்றும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஒவ்வொன்றாலும் அளந்து, கூட்டி, மூன்றால் வகுத்துச் சராசரி எடுப்பார்.

இதில் ஒரு சங்கடம். வால்வில் கேஜை வைக்கும்போதும் எடுக்கும்போதும் 'புஸ்' என்று கொஞ்சம் காற்று போகும். மூன்று கேஜ், நாலு சில்லு, சந்தேகம் வந்தால் இரண்டாந்தரம். ரயர் தானாக மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவில் விடுகிற காற்றை எங்கள் மாஸ்டர் ஒரு விடியற்காலையில் அளந்தே தீர்த்துவிடுவார். பிறகு குறைவதாகச் சொல்லிப் பம்பை எடுப்பார்.

பம்ப் சைக்கிள் பம்ப்தான். இருபது அடி அடித்தாலும் ஊசி ஒரு புள்ளி நகரப் பஞ்சிப்படும். இதைக் கேள்விப்பட்ட மகள் 12 வோல்ற் கொம்பிரசர் ஒன்று அனுப்பினா. எஞ்சினை ஓடவிட்டுப் பாவிக்கவும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. "காத்தடிக்கப் பெற்றோல் எரிக்கிறதோ?" என்று மாஸ்டர் எஞ்சினைத் தொடவே இல்லை. பற்றறியும் அவரைப் போல இளைப்பாறும் வயதில் இருந்தது. நாலாவது சில்லில் கொம்பிரசர் முனகி நின்றது, காரும் ஸ்ராட் வரவில்லை. ஒழுங்கைப் பெடியள் ஆறு பேர் சேர்ந்து தள்ளினார்கள். மூன்று சில்லில் காற்றுச் சரியாக இருந்தபடியால் தள்ளச் சுகமாக இருந்ததை மாஸ்டர் அவர்களுக்கு விளக்கினார்.

ரயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கிற எண்களும் அவருக்குப் பாடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் கிழமை செய்த ரயர். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளை அவருடைய மனைவி, ரீச்சர்தான் நினைவுபடுத்த வேண்டும். நாலு ரயரின் பிறந்த கிழமையையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அதே சுவரில் இருக்கிற பிஎஸ்ஐ எண் ரயர் தாங்கக்கூடிய உச்ச அமுக்கம். அதைக் காருக்குரிய அளவென்று நினைத்து அடித்துவிட்டுக் கல்லும் குழியும் தெரியத் துள்ளித் துள்ளிப் போகிற புதுக் கார்காரரைக் கண்டால் மாஸ்டர் வீதியிலேயே மறித்து வகுப்பெடுப்பார். காற்று ரயரை 1888இல் பெல்பாஸ்ரில் செய்து காட்டிய டன்லொப் எஞ்சினியர் அல்ல, மிருக வைத்தியர் என்பதோடு வகுப்பு முடியும். இளைப்பாறிய வாத்தியாருக்கும் இதில் உரிமை உண்டு என்பது சொல்லாமல் விளங்க வேண்டிய பகுதி.

நல்லூர்க் கந்தன் கோயிலில் பூசை மணி தவறாது என்பது உலகறிந்தது. அது மாஸ்டர் வீட்டில் மட்டும் செல்லாது. "இஞ்சருங்கோ, மணி அடிக்கப்போகுது" என்று ரீச்சர் பூத்தட்டோடு நிற்பா. "பொறும், பின்சில்லு ஒரு புள்ளி குறையுது" என்று கராச்சுக்குள்ளிருந்து குரல் வரும். இப்போதெல்லாம் ரீச்சர் ஓட்டோவில் போய்விடுகிறா. அந்த ஓட்டோவின் சில்லை மாஸ்டர் பார்ப்பதில்லை; பார்த்தால் போகவிட மாட்டார்.

சிரிக்கிறேனே தவிர, இந்தப் பழக்கம் எங்கே முளைத்தது என்று எனக்குத் தெரியும். 1990இல் போரோடு பொருளாதாரத் தடை வந்து பெற்றோலும் பற்றறியும் கிடையாமற் போனபோது இங்கே ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் உயிர்பிடித்து மண்ணெண்ணெயில் ஓடின. மற்றவர்களுக்குச் சைக்கிள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, சனம் சட்டி பானையும் கோழியும் கொண்டுபோனது. மாஸ்டர் பம்ப் கொண்டுபோனார். வழியெல்லாம் எத்தனை சைக்கிளுக்கு அடித்துக் கொடுத்தார் என்று அவர் சொல்வதில்லை. கராச்சில் இன்றைக்கும் கிடக்கிற பம்ப் அதுதான். அதற்குப் பக்கத்தில் லண்டன் கொம்பிரசர் என்ன செய்யும்?

போன மாதம் மாஸ்டரின் இடது பின்சில்லு சும்மா நிற்கிற காரிலேயே இறங்கத் தொடங்கியது. வால்வில் எச்சில் தொட்டுப் பார்த்தார், குமிழி வரவில்லை. அப்படியென்றால் ஆணி. சில்லைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு சந்திக் கடைக்குப் போனார். கடைப் பெடியன் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டிக்குள் உருட்டி, ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்தான். பிறகு கொம்பிரசர் குழாயை எடுத்தான். மாஸ்டர் மறித்தார்.

"வேண்டாம் தம்பி. காத்து வீட்டை கிடக்கு."

"ஐயா, காத்துக்குக் காசு இல்லை. ஒட்டுக்கு மட்டும்தான்."

மாஸ்டர் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார். பெடியன் அடித்து முடித்ததும் மடியிலிருந்து மூன்று கேஜையும் எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, கடைச் சுவரில் விரலால் கணக்குப் போட்டார்.

"முப்பத்தி நாலு. ரெண்டு கூடப் போட்டிட்டீர்" என்று அவன் முன்னாலேயே திறந்து விட்டார்.