செல்வி செல்வி: அடுக்குத்தொடரா, இரட்டைக்கிளவியா?

செல்வி என்ற பெயருடைய மணமாகாத பெண்ணுக்கு அரசுக் கடிதம் வந்தால், உறைமேல் 'செல்வி செல்வி' என்றிருக்கும். இத்தொடரின் இலக்கணம் யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிரித்தாலும் பொருள் தருவதால் இரட்டைக்கிளவி அன்று. அச்சத்திலோ விரைவிலோ தபால்காரர் கூவாததால் அடுக்குத்தொடரும் அன்று.

செல்வம் உடையவள் செல்வி என்பது நேர்ப்பொருள். புகுந்த வீடு செல்பவளாதலின் செல்வி என்பாரும் உளர். அவ்வாறாயின் மணமான மறுநாளே 'சென்றாள்' என்று பெயரை மாற்ற வேண்டிவரும். எனவே அக்கூற்று தள்ளப்படும். செல்ஃபிக்கும் இதுவே வேர் என்பாருக்கு மறுப்பும் எழுதுவதில்லை.

இனி வரலாறு. அகநானூற்றில் கானுக்கு ஒரு செல்வி, கடலுக்கு ஒரு செல்வி. நெல்லைச் சீமையில் இன்றும் வடக்குவாச்செல்வி அம்மனுக்குக் கொடை நடக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் துணங்கையாடும் செல்வியாகிய கொற்றவையோ முருகனைப் பெற்ற தாய். பிள்ளை பெற்ற பிறகும் அவள் செல்விதான். 'திருமதி கொற்றவை' என்று எழுத எந்தப் புலவருக்கும் தோன்றவில்லை.

சிக்கல் 1967இல் வந்தது. அண்ணா ஆட்சியில் அரசு வழக்கிலிருந்து ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி ஆகியவை விடைபெற, திரு, திருமதி, செல்வி வந்தன. தமிழ் வென்றது, ஆனால் குமாரியின் வேலை முழுவதும் செல்வியின் தலையில் விழுந்தது. கல்யாணமாகவில்லை என்று ஊருக்கு அறிவிப்பதே அந்த வேலை. 1991இல் ஒரு செல்வி முதலமைச்சரே ஆனார். அப்போதும் பட்டம் அந்த அறிவிப்பை நிறுத்தவில்லை. ஆண்களுக்கு இத்தொல்லை இல்லை. மீசை முளைத்ததும் செல்வன் திரு ஆகிவிடுவான். தாலி கட்டினானா என்று உறை கேட்காது.

சான்றுக்குக் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'திருநிறைச்செல்வி செல்வி' என்று பொன்னெழுத்தில் அச்சாகியிருக்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, 'ச்' கூடாது என்று ஒரு தமிழாசிரியர் மொய்க் கவரோடு சொல்லிவிட்டுப் போவார். முகூர்த்தம் முடிந்தால் 'ச்' மட்டுமா, முன்னிற்கும் செல்வியே போய்விடும். ரேஷன் கார்டு முதல் வங்கிப் புத்தகம் வரை 'திருமதி செல்வி'. மணமானவள் மணமாகாதவள் என்று அதற்குப் பொருள் சொன்னால் தருக்க நூலார் கண்ணீர் விடுவர்.

முடிபு: முன்செல்வி காரணப்பெயர், காரணம் தாலியோடு நீங்கும். பின்செல்வி பெற்றோர் இட்ட பெயர். யார் கட்டினாலும் நீங்காது. ஆகவே 'திருமதி செல்வி' சங்கச் சான்றுடைய நல்வழக்கே. படிவத்தில் தாலி ஏறியதா என்று கேட்கும் ஒரு கட்டத்தை எடுத்துவிட்டால் இலக்கணமும் தப்பும், அச்சுக்கூலியும் மிச்சம்.