மதுரைக்கும் ஒரு கேமரா

தேசிய டிவிகளைக் குறை சொன்னால் பாவம். 2018-இல் மதுரை பாந்தர்ஸ் திண்டுக்கல்லை வீழ்த்தி டி.என்.பி.எல். கிரிக்கெட் கோப்பையைத் தூக்கியபோது, அடுத்த வீட்டு விசேஷம் என்று நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த அணியின் வருண் சக்கரவர்த்தி, டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனதும்தான் கண்ணில் பட்டார். தக்காளியும் விலையேறினால்தானே செய்தி?

பொங்கலுக்கு அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு மட்டும் அவர்கள் வரத் தவறுவதில்லை. ஆகவே பாந்தர்ஸ் கொம்பு வைத்து ஆடுவது உத்தமம்.

2025 அக்டோபரில் மதுரை வேலம்மாள் கிரிக்கெட் மைதானத் திறப்புக்கு வந்தேவிட்டார்கள்! ஜிகர்தண்டாக் கடைக்காரர் கழுவிய கிளாஸோடு டிவி முன் நின்றார். திரை முழுக்க தோனி.

“நம்ம கிரவுண்டு எங்கண்ணே?”

“அந்தா, தோனி தோளுக்குப் பின்னாடி பச்சையாத் தெரியுதுல்ல, அதான்.”