வந்துட்டே இருக்கேன்: ஆவடி மார்க்கத்தில் இருப்பிடம் உரைக்கும் முறை குறித்து ஓர் ஆய்வு

கைப்பேசி வந்தபின் தமிழில் மிகுதியாகக் கேட்கப்படும் வினா "எங்க இருக்க?" என்பது. மிகுதியாகச் சொல்லப்படும் விடை "வந்துட்டே இருக்கேன்." வினா இடத்தைக் கேட்கிறது, விடை வினையைச் சொல்கிறது. இந்தப் பொருத்தமின்மையை ஆராய்ச்சி உலகம் இதுவரை கண்டுகொள்ளாதது வியப்பே. நன்னூலார் விடையை எட்டாக வகுத்தார். "ஆடுவாயா?" என்று கேட்டால் "பாடுவேன்" என்பது அவற்றுள் எட்டாவது, இனமொழி விடை. "எங்க இருக்க?" என்பதற்கு "வந்துட்டே இருக்கேன்" என்பதும் இனமொழியே என்று இக்கட்டுரையாளர் வெகுநாள் நம்பியிருந்தார். வில்லிவாக்கத்தில் நின்றுகொண்டிருந்த மின்சார ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் "பட்டரவாக்கம் தாண்டிட்டேன்மா" என்று சொன்ன மாலையில் அந்த நம்பிக்கை தகர்ந்தது. பட்டரவாக்கத்துக்கு முன்னால் கொரட்டூர் வேறு இருக்கிறது. நன்னூலாருக்கு ஒன்பதாவதாக ஒரு வகை தேவைப்படுகிறது.

எல்லை சொல்லாமல் நூல் தொடங்குவது நம் மரபன்று. கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே திருநின்றவூர், தெற்கே பூந்தமல்லி. வடக்கே இக்கட்டுரையாளருக்கு வேலை இல்லை.

முன்னோடிகள்

இந்தப் பக்கத்தில் இடம் அறியும் முயற்சி ஆண்ட்ராய்டு வருவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. மவுண்ட்-பூந்தமல்லி சாலை போய் முடியும் பரங்கிமலையருகே, 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியை நீட்டி அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவீடு அங்கிருந்துதான் கிளம்பியது. கையோடு கொண்டுபோன தியோடலைட் கருவி அரை டன் எடை. ஊர் ஊராகக் கோபுரத்தின் மீதும் குன்றின் மீதும் அதை ஏற்றி நாற்புறமும் பார்த்தார்கள். யாரிடம் அனுமதி கேட்டார்கள்? 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிப் பழுதாயிற்று. இருப்பிட அனுமதி கேட்ட கருவிக்கு 'அனுமதிக்க வேண்டாம்' என்று இந்த மண்ணில் முதலில் பதில் சொன்னவர் பிருகதீஸ்வரர்தான் என்பது இக்கட்டுரையாளர் துணிபு. லாம்டன் கருவியைச் செப்பனிட்டுக்கொண்டு மேலே போய்விட்டார். மறுத்தாலும் விடாத பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

ஒரு மூடநம்பிக்கையை இங்கேயே களைந்துவிடலாம். "மேல சாட்டிலைட்லருந்து பார்த்துட்டே இருக்கான்" என்பார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றுக்கு அம்பத்தூரும் தெரியாது, அதில் நீங்கள் குடியிருப்பதும் தெரியாது. "நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று மட்டும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. கைப்பேசி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் ஒலிபரப்பைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. பக்கத்து வீட்டு வைஃபையும் செல்போன் கோபுரமும் அந்தக் கணக்குக்குத் துணை. வானம் நம்மை வேவு பார்ப்பதில்லை. போட்ட கணக்கைப் பையிலிருக்கும் பெட்டி யார் யாருக்குச் சொல்கிறது என்பதுதான் வழக்கு.

நிலமும் பொழுதும்

இடம் தெரிந்தால் என்ன குறைந்துபோகும் என்று கேட்போருக்குத் தொல்காப்பியர் எப்போதோ விடை எழுதி வைத்திருக்கிறார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவை தெரிந்தால் தெய்வம், உணவு, தொழில் என்ற கருப்பொருள் தெரியும். அதன் வழியே மனத்தில் நிகழும் உரிப்பொருளும் தெரியும். செயலி நம்மிடம் முதற்பொருளை மட்டும்தான் கேட்கிறது, மிகுந்த அடக்கத்துடன்.

இரவு பதினொன்று முதல் காலை ஆறு வரை ஒரு புள்ளி கொரட்டூரில் அசையாமல் கிடந்தால் அது வீடு. ஒன்பதரை முதல் ஆறு வரை அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்தால் அது தொழில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாங்காட்டில் என்றால் தெய்வம் இன்னது என்று தெரிந்துவிட்டது. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கறிக்கடை வரிசையில் நின்றால் உணவு. இரண்டு மாதத்தில் மூன்று முறை ஸ்கேன் சென்டர் போனால், சம்பந்தி வீட்டுக்குச் சொல்லும் முன்பே தொட்டில் விளம்பரம் வந்து நிற்கும். எஸ்டேட்டுக்குப் போய்க்கொண்டிருந்த புள்ளி ஒரு திங்கட்கிழமை முதல் பகல் முழுக்க வீட்டிலேயே இருந்தால், அங்கே இரங்கல் நடக்கிறது. கடன் கொடுக்கிறவர்களின் விளம்பரம் அன்று மாலையே வரக்கூடும். ஐந்திணையும் பத்தே நிமிடத்தில் படிக்கலாம், உரையாசிரியரே வேண்டாம்.

ஆவடிக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் அடிக்குறிப்பு. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, தன் பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் சேர்த்து ஒரு வெளிச்ச வரைபடம் வெளியிட்டிருந்தது. 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதை உற்றுப் பார்த்தார். இருண்ட பாலைவனங்களுக்கு நடுவே ராணுவ முகாம்களின் சுற்றுச்சுவர் கோடுகோடாக ஒளிர்ந்தது. சிப்பாய்கள் காலையில் ஓடிய ஓட்டம். 1965-ல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளிவந்த ஊரில் காலை நடை போகிறவர்கள், எத்தனை அடி நடந்தோம் என்று உலகுக்கு அறிவிக்கும் முன் ஒரு கணம் நிற்கலாம்.

முல்லை நிலத்தில் கள ஆய்வு

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்துக்கொண்டிருத்தல். ஆகவே திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பிளாட்பாரமே இந்த ஆய்வுக்குத் தகுந்த களம் என முடிவு செய்யப்பட்டது. வண்டி தாமதம் என்பதும் உதவியது. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, அமைப்புகளுக்குள் போய், 'இருப்பிடம்' என்பதைத் தொட்டு, எந்தெந்தச் செயலிக்கு எந்த அளவு அனுமதி என்ற பட்டியலைத் திறந்தேன். சொந்த வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தவனின் நிலை.

முதலில் அகப்பட்டது டார்ச். போனிலேயே டார்ச் இருக்கும்போது தனியாக ஒரு டார்ச்சை எப்போது இறக்கினேன் என்பது நினைவில்லை. அதற்கு 'எப்போதும்' என்று அனுமதி இருந்தது. இருட்டில் இருக்கிறேனா என்று அறிய இருப்பிடம் எதற்கு? இது கற்பனைக் கவலை அல்ல. 'பிரைட்டஸ்ட் பிளாஷ்லைட்' என்றொரு டார்ச் செயலி, பயனரின் இடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததாக அமெரிக்காவின் வணிக ஆணையம் 2013 டிசம்பரில் நடவடிக்கை எடுத்தது. அதில் ஒரு நயம் உண்டு. 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு பொத்தான் காட்டினார்கள். நாம் எதையும் தொடும் முன்பே தகவல் போய்க்கொண்டிருந்தது. பந்தியில் "சாம்பார் விடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே விட்டுவிடுகிறவரை இதனுடன் ஒப்பிடுக.

அடுத்து நாள்காட்டிச் செயலி. ராகு காலம் சூரிய உதயத்தைப் பொறுத்தது, உதயம் ஊரைப் பொறுத்தது. ஆகவே கேட்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் மளிகைக் கடையில் ஓசியில் கொடுத்த தினசரி காலண்டர், நான் வீட்டில் எந்த அறையில் இருக்கிறேன் என்று கேளாமலே ஞாயிறு 4.30 - 6 என்று சொல்கிறதே. 'ஆப்ஸைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று அதைக் குறைத்தேன். கேரம் விளையாட்டு ஒன்று தொடர்புகளைக் கேட்டு வாங்கி வைத்திருந்தது. காயைக் குழியில் தள்ள என் மாமனார் நம்பர் எதற்கு என்று புரியாததால் அதை அழித்தேன். எல்லாவற்றையும் சந்தேகப்படவும் கூடாது. பழைய ஆண்ட்ராய்டுகளில் புளூடூத் இயர்போனைத் தேடும் செயலிகூட இருப்பிட அனுமதி கேட்டாக வேண்டும், அது அந்த அமைப்பின் விதி. 12-ஆம் பதிப்பில்தான் அதைத் தனியாகப் பிரித்தார்கள்.

மறுத்துவிட்டால் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 'லொகேஷன் ஹிஸ்டரி'யை நிறுத்திய பிறகும் கூகுள் வேறோர் அமைப்பின் வழியாக இடத்தைச் சேமித்துவந்ததை ஏபி செய்தி நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளிக்கொணர்ந்தது. 2022-ல் 40 அமெரிக்க மாநிலங்களுடன் 39.15 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. வாசல் கதவுக்குத் தாழ் போட்டவர்கள் கொல்லைக் கதவையும் ஒருமுறை தள்ளிப் பார்க்க வேண்டும். கூகுள் கணக்கில் 'இணையம் மற்றும் ஆப்ஸ் செயல்பாடு' என்ற பெயரில் அது இருக்கிறது.

ஒப்பீட்டுக்காக என் அம்மாவின் போனையும் ஆராய்ந்தேன். அத்தனை செயலிக்கும் அத்தனை அனுமதியும் தரப்பட்டிருந்தது. காரணம் கேட்டேன்.

"கேக்கறான். வேணாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னா நல்லாவா இருக்கும்?"

"அம்மா, அது ஆள் இல்ல."

"யாரா இருந்தா என்னடா. நான் எங்க போறேன்? வீடு, கோயில், வீடு. பாத்துட்டுப் போகட்டும்."

அனுமதி என்ற சொல்லை விருந்தோம்பலாகப் புரிந்துகொள்ளும் ஒரு தலைமுறையிடம் அந்தப் பொத்தான் காட்டப்படுகிறது என்பதை வடிவமைப்பாளர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. தமிழும் அதில் உண்டு. தமிழில் கேட்டால் அம்மா இன்னும் சீக்கிரம் சரி என்று சொல்லிவிடுவார் என்பது என் அச்சம்.

தோராயம் என்னும் கலை

ஆண்ட்ராய்டு 12, 2021-ல் 'தோராயமான இருப்பிடம்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. சரியான புள்ளியைக் காட்டாமல் ஏறக்குறைய மூன்று சதுர கிலோமீட்டர் பரப்பை மட்டும் காட்டும். ஐபோனில் அது ஓராண்டு முன்பே வந்தது. வானிலைச் செயலிக்கு இது தாராளமாகப் போதும், மழை வீட்டு எண் பார்த்துப் பெய்வதில்லை.

இதைப் புதுமை என்று அவர்கள் கொண்டாடியதுதான் வேடிக்கை. நம் பக்கத்தில் வேறு வகையில் யாருமே இடம் சொன்னதில்லை. "ஓ.டி. கிட்ட." "எஸ்டேட் பக்கம்." "டன்லப் தாண்டி." டயர் தொழிற்சாலை போனாலும் அந்த ஸ்டாப் பெயர் போகவில்லை. இல்லாத ஒன்றைத் தாண்டி இருக்கிறேன் என்று சொல்லும் துல்லியம் எந்தச் செயற்கைக்கோளுக்கும் வராது. பூந்தமல்லிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். ஊர்ப் பெயரே பூந்தமல்லி, பூவிருந்தவல்லி என்று இரண்டு. வழிகாட்டும் பெண் குரல் அதை மூன்றாவதாக ஒன்று உச்சரிக்கும். சாப்பாடு கொண்டுவரும் தம்பிகளுக்கு நாம் ஐந்து மீட்டர் துல்லியத்தில் புள்ளி அனுப்பினாலும், "அண்ணா, பிள்ளையார் கோயிலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று போன் வந்தே தீரும்.

புரட்டாசிச் சான்று

இனி ஆய்வின் மையச் சான்று. இதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன், ஆய்வு நேர்மை விடவில்லை.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. திருநின்றவூர் பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் எல்லோரும் சேர்வதாக ஏற்பாடு. மச்சான் குடும்பம் பட்டாபிராமிலிருந்து வருகிறது. என் வீட்டுக்காரி முந்தின நாளே மச்சான் வீட்டுக்குப் போயிருந்தாள். வழி பார்க்க வசதியாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேரலை இருப்பிடம் போடச் சொன்னாள். அதில் மூன்று அளவு உண்டு: 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம். என் கட்டைவிரல் மூன்றாவதில் பட்டது. பட்டதை நான் கவனிக்கவில்லை.

ஆவடியில் இறங்கியது டீ குடிக்க மட்டுமே. ஸ்டேஷனுக்கு வெளியே காற்று வேறு திசையில் அடித்தது. பதினைந்து நாளாகச் சாம்பார். தம் உடைத்த நேரம். மேசையில் தலைவாழை இலைத் துண்டு, வெங்காயப் பச்சடி, அரை பிளேட் என்று சொல்லி முழு பிளேட்டாக வாங்கிய சீரகச் சம்பா. அப்போது போன் வந்தது.

"எங்க இருக்கீங்க?"

"கோயில்லதான். வரிசைல நிக்கறேன். கூட்டம்னா கூட்டம்."

மறுமுனையில் சிறு அமைதி. பிறகு மச்சான் மகளின் குரல்: "மாமா, உங்க புள்ளி ஆவடி பிரியாணிக் கடைல நிக்குது."

அறிவியல்படி வாதிட்டேன். கட்டடங்கள் நெருங்கிய இடத்தில் ஜிபிஎஸ் அலை சுவரில் பட்டுத் திரும்பிப் பிழை காட்டும் என்றேன். அது உண்மையும்கூட. பிழை சில பத்து மீட்டர் போகலாம், ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் நடுவே மூன்று ஸ்டேஷன் இருக்கிறதே என்றாள் அவள். தோராய இருப்பிடமாக இருக்கும் என்றேன். மூன்று சதுர கிலோமீட்டரை வட்டமாகப் போட்டால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு கிலோமீட்டர்கூட வராது மாமா என்றாள். கணிதமும் கைவிட்டது.

அவள் சட்டம் படிக்கிறவள் என்பதால் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதற்கும் மேலே, 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? போதைப்பொருள் வழக்கில் ஜாமீனில் வந்தவரைக்கூட, கூகுள் மேப்ஸில் போலீசுக்கு இருப்பிடம் காட்டு என்று ஜாமீன் நிபந்தனை போட முடியாது. குற்றம் சாட்டப்பட்டவனுக்கே இந்த உரிமை இருக்கும்போது, ஒரு குடும்பஸ்தனை...

"ஃபிராங்க் வைட்டஸ் கேஸ்தானே? சரிதான் மாமா. ஆனா அது ஜாமீன்ல வெளிய வந்தவங்களுக்கு."

போன் கை மாறும் சத்தம் கேட்டது.

"உங்க மாமாவுக்கு இன்னும் ஜாமீனே கிடைக்கல," என்றாள் என் வீட்டுக்காரி. "கையக் கழுவிட்டு அடுத்த வண்டிய புடிச்சு வரச் சொல்லு. கோயிலுக்குள்ள வேணாம், வெளியவே நிக்கட்டும்."