கிரிவலத் தேநீரில் அடிச்சர்க்கரை: ஓர் ஆய்வு

திருவண்ணாமலையில் அடியைத் தேட ஆய்வாளர்களுக்கு இயல்பாகவே தயக்கம் உண்டு. சிவனின் அடியைத் தேடித் திருமாலே வராகமாய்த் தோண்டிக் களைத்துத் திரும்பிய ஊர். ஆயினும் பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் விற்கும் டீ கிளாஸுக்கு அடி உண்டு; அந்த அடியில் சர்க்கரையும் உண்டு. அது ஏன் அங்கேயே தங்குகிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

சர்க்கரை கரைந்து மறைந்துவிட்டது என்பார்கள். மறைவதாவது! நாக்கு இருக்கிறதே சாட்சிக்கு. முடியைக் கண்டதாகப் பிரமனுக்குச் சாட்சி சொன்ன இத்தலத்துத் தாழம்பூவைப் போல அது பொய் சொல்லாது. சர்க்கரைப் படிகம் என்பது ஒரே பஸ்ஸில் வந்திறங்கிக் கைகோத்து நிற்கும் கிராமத்துக் கூட்டம். தண்ணீர் மூலக்கூறுகள் பௌர்ணமி நெரிசல். ஓரத்தில் நிற்பவரைச் சூழ்ந்து இழுத்துக்கொண்டு போகும். அடுத்தவர் ஓரத்துக்கு வருவார். கடைசியில் கூட்டம் கலைந்திருக்கும், ஆள் எண்ணிக்கை குறையாது. 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்களோடு ஒவ்வொரு மூலக்கூறும் முழுசாகவே இருக்கும். (உப்பு வேறு ஜாதி, சோடியமும் குளோரைடும் அயனிகளாகப் பிரிந்து தனித்தனியே நடக்கும். டீயில் அதற்கு வேலையில்லை, விடுங்கள்.)

"இதுக்கு மேல கரையாது சாமி" என்னும் கடைத்தரப்பு வாதம் ஏற்கத்தக்கதல்ல. 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைக் கரைக்கும். கொதிக்கும் நிலையில் அதைப்போல் இருமடங்குக்கும் மேல். "சக்கரை தூக்கலா" என்று கேட்பவர்கூட இதன் பக்கத்தில் வர முடியாது.

கோளாறு பரவுவதில் இருக்கிறது. கரைந்த சர்க்கரைநீர் கனம் கூடியது, அடியிலேயே படுத்துக்கொள்ளும். 1855-இல் அடால்ஃப் ஃபிக் வகுத்த பரவல் விதிப்படி கணக்கிட்டால், அசையாத தண்ணீரில் சர்க்கரை மூலக்கூறு ஒரு சென்டிமீட்டர் நகர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். சூட்டில் கொஞ்சம் விரைவு, அவ்வளவுதான். மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டரை முழங்கால் வலிக்காரப் பாட்டி ஓர் இரவில் முடித்துவிடுகிறார்.

டீ ஆற்றுவதன் அருமை இங்கேதான் விளங்கும்: மூலக்கூறுகளுக்கு விடும் சிறப்புப் பேருந்து அது. மற்ற நாளில் மாஸ்டர் கையை உயர்த்தி நாலு முறை ஆற்றுவார். பௌர்ணமியன்று கிளாஸில் சர்க்கரை, மேலே டிகாக்‌ஷன், பால், "எடுத்துக்குங்க சாமி" என்று நீட்டிவிடுகிறார். முதல் வாய் துவர்ப்பு, கடைசி வாய் பாகு.

ஆய்வு முடிவு: தண்ணீர் நிரபராதி. கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்துக்கு முன்னால் எங்காவது டீ குடிப்பவர்கள் வெட்கப்படாமல் ஸ்பூன் கேட்டு வாங்கவும்.